பத்தாம் ஆண்டின் பள்ளம்

கணவன் மனைவிக்கு மணவாழ்வில் கிடைக்கும் மனநிறைவு, குடும்பத்தின் பருவத்துக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது. புதுமணக் காலம் தொடங்கி முதுமை வரை குடும்ப வாழ்வை எட்டுக் கட்டங்களாக வகுத்தவர் அமெரிக்கரான எவலின் டூவால் (1957). 1970இல் ராலின்ஸ், ஃபெல்ட்மன் என்னும் ஆய்வாளர்கள் 799 தம்பதிகளை ஆராய்ந்தனர். குழந்தை பிறந்தபின் இறங்கும் நிறைவு, பிள்ளைகள் தலையெடுத்ததும் மீண்டும் ஏறுவதாகக் கண்டனர்.

அந்த ஏற்றத்தை அப்படியே நம்பிவிட முடியாது. கசந்து பிரிந்தவர்கள் முதியோர் கணக்கில் வருவதில்லை; சேர்ந்திருப்பவர்களே எஞ்சுகிறார்கள். மணமான அதே நபர்களை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 2001ஆம் ஆண்டு ஆய்வில் பிற்கால ஏற்றம் தென்படவில்லை. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்த 2021ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் நுணுக்கமானது: உறவு தொடங்கிய முதல் பத்தாண்டு இறக்கம், இருபதாம் ஆண்டு வரை ஏற்றம், பிறகு மறுபடி இறக்கம்.

முதல் இறக்கத்தில் குழந்தை வளர்ப்பின் சுமைக்குப் பெரிய பங்கு உண்டு. செஞ்சியை அடுத்த அவலூர்பேட்டை போன்ற ஊர்களில் அதன் வடிவம் வேறு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண், சில மாதம் கழித்துக் கைக்குழந்தையோடு திரும்புகிறாள். தூக்கமில்லாத இரவோடு சமையல், மாடு, மல்லாட்டை (நிலக்கடலை)க் கொல்லை எல்லாம் அவள் தலையில் விழுகின்றன. மாமியார் கைகொடுத்தால் சுமை குறையும்; ஆனால் கூட்டுக்குடும்பத்தில் கணவனும் மனைவியும் தனித்துப் பேசும் பொழுதும் குறைந்துபோகிறது.

இந்த இறக்கத்துக்கு மாறாக, பெரியோர் பார்த்து முடித்த திருமணத்தில் அன்பு மெல்ல வளரும் என்பதற்கு ஜெய்ப்பூரில் 1982இல் நடந்த ஆய்வைக் காட்டுவார்கள். அதில் பங்கேற்றவர்கள் 50 தம்பதிகளே. தமிழ்நாட்டில் தாய்மாமனையோ அத்தை மகனையோ மணப்பது இன்றும் வழக்கம். அத்தகைய மணங்களில் மணமக்கள் முன்பின் அறியாதவர்கள் அல்லர். ஜெய்ப்பூர் முடிவை இங்கே பொருத்துவது சரியாகாது.

பிள்ளைகள் வெளியேறியபின் அமெரிக்கப் பெண்களிடம் நிறைவு கூடியதை 2008இல் ஓர் ஆய்வு கண்டது. சேர்ந்திருக்கும் நேரம் கூடியதால் அல்ல, அந்த நேரம் இனிதானதால். இங்கோ பிள்ளைகள் வேலைக்குச் சென்னை, பெங்களூரு போனாலும், பல வீடுகளில் பேரக்குழந்தைகள் தாத்தா பாட்டியிடமே வளர்கின்றனர். அதனால் அத்தகைய இனிய நேரம் எளிதில் வாய்ப்பதில்லை.

இறக்கம் தலைவிதி அல்ல. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தம்பதிகளைக் குழுவாகக் கூட்டி வாரந்தோறும் பேசவைத்த கலிஃபோர்னியா ஆய்வாளர்களான கோவன் தம்பதியர், அந்தக் குழுவினரிடம் நிறைவு சரியாமல் நின்றதைப் பல ஆண்டுகள் கண்காணித்து உறுதிசெய்தனர். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களும் கர்ப்பகாலப் பரிசோதனை நாளில் கணவரையும் அழைத்து, வேலையைப் பகிர்ந்துகொள்வது பற்றிப் பேச வேண்டும்.