மலாயாவின் சிறுதோட்டக்காரரும் பயிர் மாற்றமும்

கோலாலம்பூரை அடுத்துள்ள பங்சார் இன்று கடைகளும் அடுக்குமாடி வீடுகளும் நிறைந்த குடியிருப்பு. முன்பு அது ரப்பர்த் தோட்டம். தோட்டத்தின் முதலீட்டோடு தொடர்புடைய புங்கே, கிரிசார் என்னும் இரு ஐரோப்பியக் குலப்பெயர்கள் இணைந்தே 'பங்சார்' ஆயிற்று என்பர். 1960களிலும் 1970களிலும் அந்நிலம் வீட்டுமனைகளாயிற்று. பால்மரங்கள் மறைந்தன, அவற்றை வெட்டிப் பிழைத்த தமிழரும் இடம் பெயர்ந்தனர். பயிர் மாறும்போது சிலர் அம்மாற்றத்தோடு தாமும் மாறி வாழ்கின்றனர். சிலர் வேரோடு பெயர்க்கப்படுகின்றனர். இவ்வேறுபாட்டின் காரணத்தை மலாயாச் சிறுதோட்டக்காரரின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

பயிர் மாற்றம் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிள்ளான் பகுதியில் காப்பி பெரிதும் பயிரானது. பிரேசில் காப்பி உலகச் சந்தையில் மலிந்தமையால் விலை வீழ்ந்தது. புழுக்களும் செடிகளை அழித்தன. 1877இல் சிங்கப்பூருக்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்திருந்தன. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவர் ரிட்லி அம்மரத்தைப் பயிரிடுமாறு பல்லாண்டு வற்புறுத்தியும் கேட்டவர் சிலரே. காப்பி கைவிட்ட பின்னரே பலரும் ரப்பரை நாடினர். பெருந்தோட்டங்களைக் கண்டு மலாய்க் கம்பத்தாரும் சீனரும் தம் சிறு நிலங்களில் நட்டனர். சட்டப்படி 100 ஏக்கருக்குக் குறைந்தது சிறுதோட்டம். ஆயினும் பலரிடம் இருந்தவை சில ஏக்கர்களே.

மரங்களை நெருக்கி நடுகின்றனர், களை பறிப்பதில்லை என்று அதிகாரிகள் இவர்களைக் குறை கூறினர். 1946இல் இத்தோட்டங்களைச் சுற்றிப் பார்த்த பொருளியல் அறிஞர் பீட்டர் பாவர் அக்கருத்தை மறுத்தார். நெருங்கிய நடவினால் ஏக்கருக்குக் கிடைக்கும் பால் கூடியது. நிழல் களையை அடக்கியது. தரையில் படர்ந்த பூண்டுகள் மண் அரிப்பைத் தடுத்தன. தொடக்க காலத்துப் பெருந்தோட்டங்களோ தரையைப் புல்லின்றிச் செதுக்கி வைத்து, மேல்மண்ணை மழைக்குப் பறிகொடுத்தன.

சிறுதோட்டக்காரரின் பெரும் வலிமை, ஒரே வருவாயை நம்பாமையாகும். கன்றுகள் நிழல் பரப்பும் வரை இடைவெளியில் வாழையும் அன்னாசியும் நடலாம். குடும்பத்தாரே பால் வெட்டுவதால் கூலிச் செலவில்லை. விலை தாழ்ந்தால் வெட்டுவதை நிறுத்தி வயலையோ பழமரத்தையோ கவனிக்கலாம். ஓய்ந்த மரத்தின் பட்டை மீண்டும் தடிக்கும். உறைய வைத்து உருட்டி உலர்த்திய ரப்பர்த் தகட்டைச் சிறிது காலம் வைத்திருந்தும் விற்கலாம்.

இவ்வளவு திறம் இருந்தும் சட்டம் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. 1922 முதல் 1928 வரை நடப்பிலிருந்த ஸ்டீவன்சன் திட்டம், விலையை உயர்த்தும் பொருட்டு ஒவ்வொரு தோட்டத்தின் ஏற்றுமதிக்கும் அளவு விதித்தது. பெருந்தோட்டங்களிடம் விளைச்சல் கணக்கேடுகள் இருந்தன, சிறுதோட்டக்காரரிடம் இல்லை. ஆகவே அவர்களுக்குக் குறைந்த அளவே மதிப்பிடப்பட்டது. 1934இல் ஏற்பட்ட பன்னாட்டு ஒப்பந்தமோ புது நடவையே பெரிதும் தடுத்தது. மறுநடவும் எளிதன்று. பழைய மரத்தை வெட்டிவிட்டால், புதுமரம் பால் தர ஆறேழு ஆண்டுகள் ஆகும். மூன்று ஏக்கர் உடையவர் அதுவரை எதை உண்பார்? ஏற்றுமதித் தீர்வையைக் கொண்டு மறுநடவு நிதி 1952இல் சட்டமான பின்னரே இதற்கு ஓரளவு வழி பிறந்தது. அப்பணியை 1973 முதல் ரிஸ்டா நிறுவனம் ஏற்றது.

அடுத்து வந்தது செம்பனை. 1917இல் கோல சிலாங்கூரைச் சார்ந்த தென்னமாரம் தோட்டத்தில் வாணிக முறையில் நடப்பட்ட இப்பயிர், 1960களில் அரசின் ஊக்கத்தால் பெருகியது. மூன்று ஆண்டுகளில் பலன் தருவதும், நாள்தோறும் வெட்ட வேண்டாமையும் இதன் நன்மைகள். ஆனால் ரப்பர் தந்த உரிமையொன்று இதில் குறைகின்றது. பறித்த குலையை ஒன்றிரண்டு நாளுக்குள் ஆலைக்கு அனுப்பாவிடில் எண்ணெயின் தரம் கெடும். வைத்திருந்து விற்க இயலாது. எனவே சாலையும் ஆலையும் அருகில் இருப்பின்தான் இப்பயிர் சிறியவருக்கு உதவும்.

இனித் தமிழரின் நிலையை நோக்குவோம். பால்மரத்தின் நுட்பங்களை அவர்களைவிட நன்கறிந்தோர் அரியர். எனினும் சிறுதோட்ட உடைமையாளருள் தமிழர் மிகச் சிலரே. 1950களில் ஐரோப்பிய உடைமையாளர் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றனர். உங்கு அப்துல் அசீஸ் தலைமையில் ஆராயப்பட்ட இத் 'தோட்டத் துண்டாடல்' சிறுதோட்டங்களைப் பெருக்கிற்று. தொழிலாளரோ நிலம் பெறாததோடு வேலையும் வீடும் இழந்தனர். 1956இல் தோன்றிய பெல்டா நிலமற்றோர்க்கு நிலம் அளித்தது. அங்குக் குடியேறியோருள் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்.

இந்நிலையில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தால் தோட்டங்கள் துண்டாடப்படாமல் முழுமையாக வாங்கப்பட்டன. பலருடைய வேலையும் குடியிருப்பும் காக்கப்பட்டன. இஃது அரிய முயற்சி. ஆயினும் அங்கே தொழிலாளி பெற்றது பங்கு; தன் ஏக்கரில் வாழை வைப்பதா, செம்பனை வைப்பதா என்று தானே முடிவு செய்யும் உரிமை அன்று.

சிறு உழவர் காலத்துக்கேற்ப மாறுவதற்கு அறிவும் உழைப்பும் வேண்டும். அவையிரண்டும் தோட்டத் தமிழரிடம் குறைவின்றி இருந்தன. இல்லாதது நிலப்பட்டா ஒன்றே. பங்சாரில் தமிழ்ப்பள்ளி இன்றும் உள்ளது, தோட்டம் இல்லை. பயிர் மாற்றத்தைப் பாடமாகக் கற்பிக்கும் ஆசிரியர், எந்தப் பயிர் வந்தது, எது போயிற்று என்பதோடு நின்றுவிடலாகாது. அதை மாற்றும் உரிமை யார் கையில் இருந்தது என்பதையும் மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும்.