தவறணையிற் கள் வாங்குதல்



பிரான்சு முதலிய தேசங்களில் திராட்சைத் தோட்டங்களை நாடிச் செல்வோர், மது ஊறும் நிலவறையைக் கண்டு, சிறு கிண்ணத்திற் சுவைத்துப் பார்த்து, ஆக்கியவரிடமே போத்தல்களை விலைக்கு வாங்கி வருவர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதற்கு நிகரான இடம் கள்ளுத் தவறணையே ஆகும். எனினும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. திராட்சை மது ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கும். பனங்கள்ளோ ஒரு நாள்தானும் காத்திராது.

இதற்குக் காரணம் யாது? பனம்பாளையை நசுக்கிக் கட்டி, அதன் நுனியைக் காலையும் மாலையும் மெல்லிதாகச் சீவ, சாறு துளித்துளியாக முட்டியில் விழுகின்றது. அச்சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் வெல்லம் உண்டு. காற்றிலும் பழைய முட்டியிலும் வாழும் மதுவம் என்னும் நுண்ணுயிர் அவ்வெல்லத்தை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றும். முட்டி மரத்திலிருக்கும்போதே இம்மாற்றம் தொடங்கிவிடும். முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினால் நொதித்தல் தடைப்படும். அப்போது கிடைப்பது கருப்பநீர். அதைக் காய்ச்சினாற் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லையேல் கள். அதுவும் நாட்பட்டால் வினாகிரியாகப் புளித்துவிடும்.

ஆகவே, வாங்குவோர் முதலிற் கேட்கவேண்டியது, எப்பொழுது இறக்கிய கள் என்பதே. புதிதாக இறக்கியது இனிக்கும். பொழுது ஏற ஏறப் புளிப்பும் வெறியும் ஏறும். பனையோலையிற் கோலிய பிளாவிற் சிறிது வார்த்துப் பார்த்தால் நாவே சொல்லிவிடும். புதுக் கள்ளைப் போத்தலில் இறுக அடைத்துக் கொண்டு செல்லல் ஆகாது. வாயு பெருகிப் போத்தல் வெடித்தலும் கூடும். தூரவிடத்திற்குக் கொண்டு செல்வோர், சூடாக்கி நொதிப்பை நிறுத்திய போத்தற் கள்ளையே வாங்குதல் நன்று. 21 வயது நிறையாதோர்க்கு மதுவகை விற்றல் இலங்கைச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறவாதிருப்போமாக.

நேரே வாங்குவதில் இன்னுமொரு பொருள் உண்டு. முன்னாளில் தவறணைகள் குத்தகைக்காரர் கையில் இருந்தன. உயிரைப் பணயம் வைத்து மரமேறியவர்க்குக் கிடைத்த பங்கு சிறிது. 1970களில் மரமேறும் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றிய பின்னரே, இறக்குவோரே விற்போராகவும் ஆகும் வழி பிறந்தது.

விலையினும் பெரியது மதிப்பு. அவர் இறக்கிய கள்ளை விரும்பிப் பருகிய சமூகமே, அவரைக் கோயில் வாயிலுக்கும் தேநீர்க் கடைக்கும் வெளியே நிறுத்தி வைத்தது. அத்தடையை எதிர்த்து 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப்பிரவேசப் போராட்டம் எழுந்தமை நாடறிந்தது. திராட்சைத் தோட்டத்தான் தன் மதுவைத் தலைநிமிர்ந்து விருந்தினர்க்கு வார்க்கின்றான். நம் நாட்டிற் பனையேறி நாள்தோறும் காலையும் மாலையும் மரத்தின் உச்சியில் நின்று உழைப்பவரும் அவ்வாறே தலைநிமிர்ந்து நிற்றல் வேண்டும். தவறணைக்குச் செல்வோர் விலையோடு அம்மதிப்பையும் அவர் கையிற் கொடுத்து வருதலே முறையாகும்.