யானைத் தந்தத்தில் பல் விளக்கும் பேய்கள்: 900 வருஷ ஹாரர் காமெடியை ரசிப்பது எப்படி?

இரவு நேர ஈ.சி.ஆர் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால், மரக்காணம் வரும்போது கொஞ்சம் போனைக் கீழே வையுங்கள். நிலா வெளிச்சத்தில் வெள்ளை வெள்ளையாய் உப்புக் குவியல், தூரத்தில் தலைவிரித்து நிற்கும் பனைமரங்கள். பேய்ப் படத்துக்குத் தனியா செட்டே போட வேண்டாம்!

இந்த ஏரியாவுக்கும் பேய்க்கும் பழைய சகவாசம் உண்டு. சங்க இலக்கியம் சொல்லும் எயிற்பட்டினம், மரக்காணம் பக்கம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அந்த ஊர் வழியாகப் பாணர்களை அனுப்பிவைக்கும் 'சிறுபாணாற்றுப்படை', பின்னர் திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில் வரை போகிறது. போர்க்களத்தில் பிணங்களை மிதித்துச் சிவந்த யானை நகங்களுக்கு நல்லூர் நத்தத்தனார் சொல்லும் உவமை என்ன தெரியுமா? கொழுப்பைத் தின்றுவிட்டுச் சிரிக்கும் பேய்மகள்!

பேயைக் காமெடி ஆக்கியது 'காஞ்சனா'வும் 'யாமிருக்க பயமே'வும்தான் என்று நினைத்திருந்தால், ஸாரி பாஸ். 12-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செயங்கொண்டார் முழுநீளமாக எழுதிவிட்டார். அதுதான் 'கலிங்கத்துப்பரணி'.

பேய்களின் பியூட்டி டிப்ஸ்

ஸ்கூலில் இதைப் போர் இலக்கியம் என்று படித்திருப்பீர்கள். முதலாம் குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற கதை. ஆனால், சீனைத் திருடுவது காளியின் பேய்ப் பட்டாளம். போர் முடிந்ததும் களத்தில் கூழ் காய்ச்சக் கிளம்புகின்றன. அதற்கு முன்னால் குளிக்க வேண்டாமா?

யானைத் தந்தத்தால் பல் விளக்குகின்றன. யானையின் விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. நகம் வெட்ட அம்பு. தலைக்கு எண்ணெய், யானையின் மதநீர். எண்ணெய்ப் பிசுக்கு போக ஷாம்பு? மூளை! அப்புறம் ரத்த மடுவில் ஒரு நீச்சல். கூழுக்கு அரிசி, செத்தவர்களின் பல்.

உவ்வே என்று முகம் சுளிக்கும்போதே சிரிப்பும் வருதா? அதுதான் ஹாரர் காமெடி. பயங்கரமான பொருளை நம்ம பாத்ரூம், கிச்சன் வேலைகளோடு முடிச்சுப் போடுவதுதான் இதன் டெக்னிக்.

எப்படிப் படிக்கணும்?

* லாஜிக் தேடாதீங்க. 'இப்படியெல்லாம் நடக்குமா?' என்பதை மூட்டை கட்டிவிட்டு, 'அடுத்து எதை எடுத்து எதுக்குப் பயன்படுத்தப் போகுது?' என்று கேளுங்கள்.
* முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். 'பேய்களைப் பாடியது', 'இந்திரசாலம்', 'களம் பாடியது' என்ற மூன்று பகுதிகள் முதலில் போதும். பாட்டெல்லாம் ரெண்டு ரெண்டு வரி. போனில் படிக்க வசதி.
* தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. உரையோடு படித்தால் ஜோக் சட்டெனப் பிடிபடும்.
* ஃப்ரெண்ட்ஸோடு சத்தமாகப் படியுங்கள். சந்தம் தாளம் போட வைக்கும்.

சிரிப்புக்கு அடியில்...

'இந்திரசாலம்' பகுதியில், இமயமலைப் பக்கம் போய் மாயவித்தை கற்றுவந்த ஒரு கிழப்பேய் ரத்தமும் சதையுமாய்க் காட்டி ஷோ நடத்துகிறது. பட்டினியில் கிடக்கும் மற்ற பேய்கள் அதை நிஜம் என்று பாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, வெறும் வாயை மெல்லுகின்றன. குபீரென்று சிரிப்போம். ஆனால் கவனியுங்கள், அந்தப் பேய்களின் பிரச்னை பசி. கையும் காலும் முளைத்த பனங்காடு மாதிரி உயரம், நேற்றைவிட இன்று இன்னும் மெலிந்த உடம்பு. பசியைக் கொட்டி வைத்த பாத்திரம் என்றே அவற்றைச் சொல்கிறார் செயங்கொண்டார்.

சிறுபாணாற்றுப்படையிலும் இதே பசி உண்டு. பாணன் வீட்டில் சமைக்க எதுவும் இல்லை. குப்பையில் முளைத்த கீரையைப் பறித்து, உப்புகூட இல்லாமல் வேகவைத்து, யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கதவை அடைத்துவிட்டுச் சாப்பிடுகிறார்கள். உப்பு விளையும் கரையைப் பாடிய அதே பாட்டில்தான் இந்த உப்பில்லாத கீரையும் வருகிறது.

அந்தக் கூழுக்குப் பல்லைக் கொடுத்தவர்களும் யாரோ ஒரு வீட்டின் பிள்ளைகள்தான். இது மனதில் வந்ததும் சிரிப்பு கொஞ்சம் தொண்டையில் சிக்கும். சிக்கட்டும். நல்ல ஹாரர் காமெடி படித்ததற்கு அதுதான் அடையாளம்.

இன்று இரவு 'களம் பாடியது' பகுதியில் ஒரு பத்துப் பாட்டு படித்துப் பாருங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு படிப்பது உத்தமம்!