பிள்ளைகள் தாமாக உடுத்தப் பழகட்டும்

காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். அத்தா லாரியில் வெளியூர் போயிருப்பார். அல்லது பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறிப்பட்டறையில் ஷிப்டில் இருப்பார். அடுப்பையும் பார்த்துக்கொண்டு, அம்மா அவசர அவசரமாகப் பிள்ளைக்குச் சட்டை மாட்டிவிடுவார். சேலம், நாமக்கல் பகுதிகளில் பல வீடுகளின் காலைப்பொழுது இப்படித்தான் போகிறது. நாமே மாட்டிவிட்டால் இரண்டு நிமிடம், பிள்ளை மாட்டினால் பத்து நிமிடம். அதனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் நாமே உடுத்திவிடுகிறோம்.

ஆனால் இதன் விளைவு வீட்டோடு நின்றுவிடுவதில்லை.

எல்.கே.ஜி. செல்லும் பிள்ளைக்குக் கால்சட்டையின் கொக்கியைக் கழற்றத் தெரியாவிட்டால், கழிப்பறைக்குப் போக ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட வேண்டும். கூச்சப்படும் பிள்ளை சிறுநீரை அடக்கிக்கொள்ளும். போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிடும். சேலத்து வெயிலில் இது உடலுக்குக் கேடு.

இன்னொன்று இதைவிட முக்கியமானது. தன் ஆடையைத் தானே கழற்றி மாட்டத் தெரிந்த பிள்ளைக்கு, "உன் ஆடையை வேறு யாரும் கழற்றக் கூடாது" என்று நாம் சொல்லிக்கொடுப்பது எளிதாகப் புரியும். எல்லோரும் உடுத்திவிட்டுப் பழகிய பிள்ளைக்கு, எது சரியான தொடுதல், எது தவறான தொடுதல் என்று பிரித்தறிவது கடினம். அம்மா, நன்னிமா போன்ற ஓரிருவர் மட்டுமே உதவ வேண்டும், அதுவும் மறைவான இடத்தில் என்பதைச் சிறு வயதிலேயே பழக்கமாக்குங்கள். யாராவது தவறாக நடந்தால் உடனே வீட்டில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக்கொடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

எந்த வயதில் எது வரும்?

ஒரு வயதில் சட்டை போடும்போது பிள்ளை தானே கையை நீட்டும். இரண்டு வயதையொட்டித் தொப்பியையும் காலுறையையும் இழுத்துக் கழற்றும். இரண்டரை வயதில் தளர்வான கால்சட்டையைக் கழற்றும்; மூன்று வயதில் அதைத் தானே போடும். நான்கு வயதில் சில பொத்தான்களைக் கழற்றவும், ஐந்து வயதில் சில பொத்தான்களைப் போடவும் வரும். கழற்றுவது முதலில் வரும், போடுவது பிறகுதான் வரும். ஆகவே கழற்றுவதிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைக்குப் பிள்ளை சில மாதங்கள் முன்பின் ஆகலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். மிகவும் பின்தங்கியிருப்பதாகத் தோன்றினால் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

எப்படிப் பழக்குவது?

கடைசிப் படியை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். கால்சட்டையை முழங்கால் வரை நீங்கள் ஏற்றுங்கள். இடுப்பு வரை பிள்ளை இழுத்துக்கொள்ளட்டும். அது கைவந்ததும், கணுக்காலிலிருந்து இழுக்க விடுங்கள். ஒவ்வொரு நாளும் வேலையைப் பிள்ளையே முடிப்பதால், "நானே போட்டேன்" என்ற மகிழ்ச்சி அதற்குக் கிடைக்கும்.

நின்றபடி ஒற்றைக் காலில் தடுமாற விடாதீர்கள். தரையிலோ சிறு முக்காலியிலோ உட்கார்ந்து கால்சட்டை போடட்டும். பனியனை முன்பக்கம் தரையில் படும்படி விரித்து வைத்தால், அப்படியே எடுத்துத் தலையில் மாட்ட எளிது. பொத்தானைக் கீழிருந்து மேலாகப் போடச் சொல்லுங்கள். கீழ்ப் பொத்தான்தான் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

பொத்தான் போடுவதைத் தனிப் பயிற்சியாகவும் தரலாம். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி இதற்கென்றே மரச்சட்டத்தில் துணி பொருத்தி, ஒன்றில் பொத்தான், ஒன்றில் கொக்கி, ஒன்றில் நாடா என வைத்துப் பிள்ளைகளைப் பழக்கினார். அவர் 1939-ல் சென்னைக்கு வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார்; பிறகு சில காலம் கொடைக்கானலிலும் இருந்தார். மரச்சட்டம் நம்மிடம் இல்லாவிட்டாலும் அத்தாவின் பழைய சட்டை ஒன்று போதும். அதைத் தலையணைக்கு மாட்டிவிட்டு, பொத்தானைப் போட்டுக் கழற்றி விளையாட விடுங்கள்.

ஆடையும் ஒத்துழைக்க வேண்டும்

"வளர்ற பிள்ளைதானே" என்று இரண்டு அளவு பெரிதாகச் சீருடை வாங்குகிறோம். கை நீளமாகத் தொங்கினால் விரலால் பொத்தானைப் பிடிக்க முடியாது. அளவாக எடுத்து, மடித்துத் தைத்து வைத்தால் பிறகு பிரித்துவிடலாம். மதரஸாவுக்குப் போடும் பைஜாமாவில் நாடாவுக்குப் பதிலாக எலாஸ்டிக் வைக்கவும், பொத்தான் ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கவும் தையல்காரரிடம் சொல்லுங்கள். ஜிப்பின் நுனியில் சிறு கயிறு கட்டிவிட்டால் பிடித்து இழுக்க எளிது. பெண் பிள்ளைகளுக்கு ஊசி குத்தும் மக்கனா வேண்டாம். தலையில் அப்படியே மாட்டும் மக்கனா போதும்.

வலதும் இடதும்

காலணி அணிவது, தலை வாருவது, தூய்மை செய்வது என எல்லாவற்றிலும் நபி (ஸல்) அவர்கள் வலப்பக்கத்திலிருந்து தொடங்குவதை விரும்பினார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள் (புகாரீ 168). பிஸ்மில்லாஹ் சொல்லி வலது கையை முதலில் நுழைக்கப் பழக்கினால் சுன்னத்தும் பழக்கமாகும், வலது எது, இடது எது என்ற அறிவும் வரும். தினமும் ஒரே வரிசையில் செய்யும் வேலை பிள்ளைக்குச் சீக்கிரம் பதியும்.

பொறுமையே பாடம்

பள்ளிக்கூட நாளின் காலையில் பழக்கத்தைத் தொடங்காதீர்கள். மாலையில் குளித்த பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ, அவசரமில்லாத நேரத்தில் தொடங்குங்கள். அடுத்த நாளுக்கான உடையை இரவிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். இரண்டு சட்டைகளைக் காட்டி, "எது வேண்டும்?" என்று கேட்டால் அடம் குறையும். பொத்தான் மாறிப் போயிருந்தால் சிரிக்கவோ திட்டவோ வேண்டாம். கண்ணாடி முன் நிறுத்துங்கள், பிள்ளையே கண்டுபிடிக்கும்.

நபி (ஸல்) அவர்களுக்குச் சிறுவராகப் பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், தம்மை அவர்கள் ஒருமுறைகூடச் 'சீ' என்று சொன்னதில்லை என நினைவுகூர்ந்தார்கள் (புகாரீ 6038). பத்தாண்டுகள் காட்டிய அந்தப் பொறுமையில் நம் பிள்ளைக்காகத் தினம் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். இன்ஷா அல்லாஹ், சில மாதங்களில் வேன் வருவதற்கு முன்பே பிள்ளை தானே உடுத்தித் தயாராக நிற்கும்.