வேகத்தை அளக்கும் சிறு குழாய்

சென்னைக்கு வடக்கே சுமார் 45 கி.மீ. தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது கும்மிடிப்பூண்டி. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் எங்கள் தோழியர் சிலரின் தந்தையர் ஷிப்டு வேலை பார்க்கின்றனர். உலைகளிலும் எஞ்சின்களிலும் எரிபொருள் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. நிறமும் மணமும் அற்ற இந்நச்சு வாயு, இரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாதபடி தடுத்துவிடும். இதை வெளியே விடுமுன் தீங்கு குறைந்த கரியமில வாயுவாக மாற்ற முடியுமா?

முடியும். பிளாட்டினம் போன்ற வினையூக்கியின் மீது ஆக்ஸிஜனுடன் சேர்த்துச் செலுத்தினால் அது எளிதில் மாறிவிடுகிறது. ஆனால் எவ்வளவு வினையூக்கி வேண்டும்? குறைத்து வைத்தால் நச்சு தப்பிவிடும். கூட்டி வைத்தால் விலையுயர்ந்த உலோகம் வீணாகும். ஆகவே முதலில் ஆய்வுக்கூடத்தில் வினைவேகத்தை அளக்க வேண்டும்.

அதற்கான வினைகலம் ஒரு சிறு கண்ணாடிக் குழாயே. அதில் 0.1 கிராம் வினையூக்கிப் பொடியை வைத்து மின்னுலையில் சூடேற்றுகிறார்கள். நிமிடத்துக்கு 100 மி.லி. வாயுக் கலவை செல்வதாகவும், அதில் 1 சதவீதம் கார்பன் மோனாக்சைடு இருப்பதாகவும் கொள்வோம். அதாவது, நிமிடத்துக்கு 1 மி.லி. உள்ளே போகிறது. வெளிவரும் வாயுவைக் கருவியால் பகுத்தால், 5 சதவீதம் மாறியிருப்பது தெரிகிறது. எனவே மாறியது 0.05 மி.லி. அதை 0.1 கிராமால் வகுத்தால், ஒரு கிராம் வினையூக்கி நிமிடத்துக்கு 0.5 மி.லி. வாயுவை மாற்றுகிறது. இதுவே வினைவேகம்! வெப்பநிலையை மாற்றிப் பலமுறை அளந்து வரைபடம் வரைந்தால், கிளர்வு ஆற்றலும் கிடைத்துவிடும்.

இங்கே எச்சரிக்கை தேவை. வினையில் வெப்பம் பிறப்பதால் பொடியின் ஓரிடம் மட்டும் மிகச் சூடாகி அளவைக் கெடுக்கலாம். அதனால் வினைபுரியாத குவார்ட்ஸ் துகள்களைக் கலக்கிறார்கள். பொடியை இன்னும் நுண்ணியதாக அரைத்தும் சோதிக்கிறார்கள். வேகம் கூடினால், முன்பு அளந்தது வினையின் உண்மையான வேகமன்று. துகளின் துளைகளுக்குள் வாயு நுழைவதில் ஏற்பட்ட தாமதமும் அதில் கலந்திருந்தது என்று பொருள்.

கார்பன் மோனாக்சைடு மிகுந்தால் வினை விரைவாகும் என்றுதானே நினைப்போம்? குறைந்த வெப்பநிலையில் நடப்பது நேர்மாறானது. 1922-இல் இர்விங் லாங்மியூர் இதை விளக்கினார். கல்யாணப் பந்தியில் ஒரு வீட்டாரே எல்லா இலைகளிலும் அமர்ந்துவிட்டால் மற்றவருக்கு இடமேது? அதுபோல் பிளாட்டினத்தின் மேற்பரப்பு முழுவதையும் கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொண்டால் ஆக்ஸிஜனுக்கு இடமில்லை. சூடேறும்போது சிலர் எழுந்து இடம்விட, வினை விரைகிறது. இவ்வினையைத் துல்லியமாக ஆராய்ந்த கெர்ஹார்ட் எர்டல் 2007-இல் நோபல் பரிசு பெற்றார். நம் சென்னை ஐ.ஐ.டி.யிலும் வினையூக்கி ஆராய்ச்சிக்கென்றே தேசிய மையம் ஒன்று உள்ளது.

1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கிக் கருவி கட்டாயமாயிற்று. ஈயம் வினையூக்கியைப் பாழாக்கும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் உடன் வந்தது.

குழாய் சிறியதுதான். ஆனால் அதில் நேரும் சிறு பிழை தொழிற்சாலையில் பன்மடங்காகப் பெருகி, அங்கு உழைப்பவரின் மூச்சைத் தொடும். தோழியரே, நம் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் விடைக்கு ஏற்ப எண்ணைத் திருத்தாமல், கண்டதைக் கண்டபடி எழுதப் பழகுவோம்!