பி.டி. பீரியடைக் கடன் வாங்க முடியாத வகுப்பு: மாண்டிசோரி முறையில் கலையும் விளையாட்டும்

“இன்னைக்கும் பி.டி. பீரியட கணக்கு சார் எடுத்துக்கிட்டாரு.” பரீட்சை நெருங்கினால் சென்னையானாலும் கருவேப்பிலங்குறிச்சியானாலும் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவரும் புகார் இது. விளையாட்டும் ஓவியமும் கால அட்டவணையில் தனிக் கட்டமாக இருப்பதால்தான் அவற்றைக் கடன் வாங்க முடிகிறது. மாண்டிசோரி தொடக்கநிலை வகுப்பில் அந்த வழி கிடையாது. அங்கே கையும் காலும் அசைவதுதான் பாடமே.

1907-ல் ரோம் நகரில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அடிப்படையில் ஒரு மருத்துவர். சின்னக் குழந்தைக்கு உடம்பு நீளம், கால் குட்டை. அதனால் நிற்கவும் நடக்கவும் சீக்கிரம் அலுத்துப்போகும் என்று கவனித்தார். குழந்தைகள் வேலியைப் பிடித்துத் தொங்கியபடி பக்கவாட்டில் நகர்வதைப் பார்த்து, அதையே உடற்பயிற்சிக் கருவியாக்கினார். தரையில் வரைந்த கோட்டின் மேல் நடப்பதும், நிரம்பிய டம்ளரைச் சிந்தாமல் தூக்கிப் போவதும் அப்படித்தான் வந்தன. ‘அட்டென்ஷன்’ சொல்லி வரிசையில் நிறுத்துவது அவருக்குப் பிடிக்காத சங்கதி.

பீங்கான் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலம் பக்கத்து ஆட்களுக்கு அடுத்த செய்தி பிடிக்கும். அந்த ரோம் பள்ளியில் பிள்ளைகள் களிமண்ணில் ஜாடி வனைந்தார்கள். குட்டிக் குட்டிச் செங்கல் அறுத்துச் சுவர் கட்டினார்கள். சும்மா மண்ணைப் பிசைந்து விளையாடுவதைவிட, உபயோகமான ஒரு பொருளைச் செய்து முடிப்பதற்கே மாண்டிசோரி மதிப்புக் கொடுத்தார்.

ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கான முறை வளர்ந்ததில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1939-ல் அடையாறு பிரம்மஞான சபைக்குப் பயிற்சி நடத்த வந்தவரை உலகப் போர் இங்கேயே நிறுத்திவிட்டது. பிறகு கொடைக்கானலில் தங்கி, பெரிய பிள்ளைகளுக்கான பாடங்களை உருவாக்கினார். இந்த வகுப்புகளில் பூமியின் வயதைச் சொல்ல ஒரு நீளமான கறுப்புத் துணிச் சுருளை விரித்தபடி நடக்க வேண்டும். கடைசியில் தெரியும் மெல்லிய கீற்றுதான் மனிதனின் காலம். இதில் எது வரலாறு, எது நடைப்பயிற்சி என்று பிரிக்கிறது?

நம்மூர் நிலைமைக்கு இது ஏன் முக்கியம்? 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் ஓவியம், உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. ஆனால் அது ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு, அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான். தமிழ்நாட்டில் 2012-ல் நியமிக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்களும் அந்த வகுப்புகளுக்குத்தான். ஒன்று முதல் ஐந்து வரை வகுப்பு டீச்சரே எல்லாம். தனி ஆசிரியர் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அதுவரை, கலையைத் தமிழோடும் அசைவைக் கணக்கோடும் சேர்க்கும் முறை அந்த டீச்சருக்குக் கைகொடுக்கும். வெள்ளாற்றங்கரை வரை நடந்துபோய், பார்த்ததை வரைந்து, கரையின் படத்தைக் களிமண்ணில் செய்ய விலை உயர்ந்த சாமான் எதுவும் வேண்டியதில்லை. கூடப் பெரியவர்கள் வேண்டும். தண்ணீரில் இறங்கக் கூடாது.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்கலாம். மாண்டிசோரி என்று போர்டு வைத்த எல்லா இடமும் மாண்டிசோரி அல்ல. சேர்க்கைக்குப் போகும்போது வகுப்பறையைக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்களா, பாயை விரித்துத் தரையில் வேலை செய்கிறார்களா என்று பாருங்கள்.