வீட்டுக்குள்ளே ஒரு சமுத்திரம்!

பிரான்சில் நாலு வருஷத்துக்கொரு முறை நடக்கிறது 'வாந்தே குளோப்' பந்தயம். தன்னந்தனியாக, எங்கும் நிற்காமல், பாய்மரப் படகில் உலகையே சுற்றி வரணும். 2020 நவம்பர் 8-ல் புறப்பட்ட 33 பேரில் 6 பேர் பெண்கள்! கொரோனா ஊரடங்கினால் வழியனுப்பக்கூடக் கூட்டமில்லை.

ஆனால், அதே பந்தயத்தைக் கம்ப்யூட்டரிலும் செல்போனிலுமாக வீட்டிலிருந்தே 10 லட்சம் பேருக்கு மேல் விளையாடினார்கள். நிஜமான வானிலைக் கணிப்புப்படிதான் அங்கே காற்று வீசும். பாய் மாற்றுவதும் திசை திருப்புவதும் நம் பொறுப்பு. நாம் தூங்கினாலும் படகு தூங்காது. காற்று திரும்பினால், விடிவதற்குள் கரை தட்டி நிற்கும்! அதற்காகவே அலாரம் வைத்து நடுராத்திரியில் எழுகிறவர்கள் உண்டு.

போட்டி இருக்கட்டும், சிநேகிதிகளே! திருப்பங்களை முன்கூட்டியே பதிந்து வைக்கவும் வசதியிருக்கிறது. பதிந்துவிட்டு நிம்மதியாகப் படுங்கள். போன இடத்தை நாளைக்குப் பிடிக்கலாம். போன தூக்கத்தைப் பிடிக்க முடியுமோ?